கோயில் கதவு பூட்டியிருக்கும்போது சபை என்ன செய்யலாம்: பெருந்தொற்றுக் காலத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த சில நாட்களில் எங்கள் கிறிஸ்தவச் சபைக் கமிட்டி பேசியதெல்லாம் கேமராவைப் பற்றித்தான். ஆராதனையை நேரலையில் காட்டுவது எப்படி, மைக் எது, இணைய வேகம் போதுமா என்று பத்து நாள் ஓடிவிட்டது. அப்புறம்தான் ஒருவர் கேட்டார்: "மூன்றாவது வரிசையில் தனியா உட்காருவாங்களே ஒரு அம்மா, அவங்ககிட்ட ஸ்மார்ட்போனே கிடையாதே. யாராவது பேசினீங்களா?"

யாரும் பேசியிருக்கவில்லை.

அந்தக் கேள்வி முதல் நாளே வந்திருக்க வேண்டும். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், யாருக்குச் சர்க்கரை நோய், யாருடைய பிள்ளைகள் தூரதேசத்தில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் சபைக்குத் தெரியும். சுகாதாரத் துறையிடம்கூட இவ்வளவு விவரம் ஒரே இடத்தில் இருக்காது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம், எந்த வரிசையில் செய்யலாம், எங்கே சறுக்கும் என்பதுதான் இந்த வழிகாட்டி.

1. நோய் எப்படிப் பரவுகிறது என்று முதலில் கேளுங்கள்

எல்லாப் பெருந்தொற்றும் ஒரே மாதிரிப் பரவுவதில்லை. கொரோனாவும் இன்ஃபுளுவென்சாவும் மூச்சின் வழியாகப் பரவுகின்றன. காலரா தண்ணீரிலும் உணவிலும் வருகிறது. எபோலா நோயாளியின் உடல் திரவங்களைத் தொடுவதால் தொற்றுகிறது, இறந்தவரின் உடலிலிருந்தும் தொற்றும். காலராவுக்கு முகக்கவசம் மாட்டி ஒரு பயனும் இல்லை. அங்கே சுத்தமான தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும்தான் உயிரைக் காப்பாற்றும். கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு சமதட்டுத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம்.

அதனால் முதல் வேலையாக ஒரே ஒருவரைத் தகவல் பொறுப்பாளராக நியமியுங்கள். தினமும் ஒருமுறை சுகாதாரத் துறையின் அறிவிப்பைப் படித்து, சபைக்கு வேண்டியதை ஐந்து வரியில் எழுதித் தருவது அவர் வேலை. நர்ஸோ, மருந்தாளரோ, ஓய்வுபெற்ற ஆசிரியரோ, பொறுமையாகப் படிக்கிற யாராக இருந்தாலும் சரி. வாட்ஸாப்பில் முதலில் வந்ததை முதலில் அனுப்புகிறவர் மட்டும் வேண்டாம்.

மூச்சின் வழிப் பரவும் நோய் என்றால் சபைக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. நாம் கூடுகிறோம், சேர்ந்து பாடுகிறோம், கட்டியணைக்கிறோம், ஒரே பாத்திரத்தில் பருகுகிறோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் மாவட்டத்தில், 2020 மார்ச் 10 அன்று ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். அதில் 53 பேருக்கு நோய் வந்ததாகக் கணக்கிட்டார்கள், அவர்களில் 33 பேருக்குப் பரிசோதனையில் உறுதியானது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, பாடத்தான் வந்தார்கள். சபை ஊருக்கு உதவுவதற்கு முன்னால், ஊரில் நோயைப் பரப்பும் இடமாகத் தானே மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. சிறிய குழு, ஆளுக்கு ஒரு மாற்றாள்

பெரிய கமிட்டி கூடி முடிவெடுக்கும் வேகம் நோயின் வேகத்துக்குப் போதாது. ஐந்திலிருந்து ஏழு பேர் போதும். தகவலுக்கு ஒருவர், போன் அழைப்புகளுக்கு ஒருவர், பொருள் விநியோகத்துக்கு ஒருவர், பணத்துக்கு ஒருவர், ஆராதனைக்கு ஒருவர், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒருவர். ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்றாளை முதல் நாளே குறித்துவிடுங்கள். குழுவில் இருப்பவரும் நோயில் படுப்பார். அன்றைக்குச் சாவி எங்கே, பட்டியல் யாரிடம் என்று தேடக் கூடாது.

என் அபிப்பிராயம் ஒன்று. சேர்த்துப் பார்க்கும் பொறுப்பைப் போதகரிடம் கொடுக்காதீர்கள். அவருக்கு அந்த நாட்களில் ஜெபிக்கவும், சாகக் கிடக்கிறவர்களிடம் பேசவும், அடக்கம் செய்யவுமே நேரம் போதாது. மளிகைப் பை எத்தனை மிச்சம் என்ற கணக்கு அவருக்கு எதற்கு? கணக்குத் தெரிந்த, கத்தாமல் பேசுகிற ஒருவர் அதற்கு வேண்டும்.

குழுவில் இளைஞர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். பெண்களும் இருக்க வேண்டும், சம்பிரதாயத்துக்கு ஒருவர் என்று நிறுத்திக்கொள்ளாமல். எந்த வீட்டில் சண்டை, எந்த வீட்டில் பிரசவம், எந்த வீட்டில் குடி என்பது ஆண்கள் மட்டும் உட்காரும் மேஜைக்குத் தாமதமாகத்தான் வந்து சேரும்.

3. பதிவேட்டைத் திறந்து வீடுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

சபைப் பதிவேட்டில் பாதி போன் எண்கள் பழையதாக இருக்கும். முதல் வாரமே அதைச் சரிசெய்யுங்கள். பிறகு வீடுகளைப் பத்துப் பன்னிரண்டு கொண்ட கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு தொண்டரைப் போடுங்கள். உறவு, நட்பு பார்க்காமல் இருப்பிடம் பார்த்துப் பிரிப்பது நல்லது. கால்நடையாகப் போய் வரக்கூடிய தூரத்தில் இருந்தால் போக்குவரத்து நின்றாலும் வேலை நிற்காது.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். அதில் எத்தனை பேர், வயது, தனியாக இருப்பவரா, தினமும் மருந்து சாப்பிடுபவரா, டயாலிசிஸ் போல நிற்கக் கூடாத சிகிச்சை உண்டா, கர்ப்பிணியா, வருமானம் நின்றுவிட்டதா, அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்பதை எழுதுங்கள். இதற்கு மேல் எழுத வேண்டாம். நோயின் பெயரை எழுதுவதற்கு முன்னால் அவரிடமே கேளுங்கள்.

அடுத்த பகுதிதான் முக்கியம். ஒவ்வொரு தொண்டரிடமும், தன் கட்டில் உள்ள வீடுகளுக்கு அக்கம்பக்கத்தில் சபையைச் சேராத யார் தனியாக இருக்கிறார் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். வாடகைக்கு வந்த வெளியூர்த் தொழிலாளி, பிள்ளையோடு தனித்து வாழும் பெண், வேறு மதத்தைச் சேர்ந்த முதியவர் எல்லாரும் அதில் வரட்டும். பட்டியலில் மதம் என்ற கட்டமே வேண்டாம். கட்டம் இருந்தால் யாராவது ஒருவர் அதைப் பார்த்து வரிசைப்படுத்தத் தொடங்குவார்.

இது புதிதாக வந்த யோசனை அல்ல. மூன்றாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசைக் கொள்ளைநோய் உலுக்கியபோது, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்ரியன் தம் சபையாரை விசுவாசிகளுக்கு மட்டுமின்றித் தங்களைத் துன்பப்படுத்தியவர்களுக்கும் உதவச் சொன்னார். அந்தக் கொள்ளைநோயையே வரலாற்றாசிரியர்கள் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

4. போன் பேசுவது ஒரு கலை

வேலையில் பெரும்பகுதி இதுதான், அவசரமாகச் செய்யப்படுவதும் இதுதான். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் எல்லோரும் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். வயதானவர்கள் யாருக்கும் தொந்தரவு கொடுக்க விரும்ப மாட்டார்கள். அதனால் எண்ணிச் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்.

எங்கள் தொண்டர் ஒரு தம்பி, கல்லூரி மாணவன், இப்படித்தான் பேசக் கற்றுக்கொண்டான்.

"அம்மா, நல்லா இருக்கீங்களா?"

"கர்த்தர் கிருபையில நல்லா இருக்கேன் தம்பி. எனக்கு ஒண்ணும் வேண்டாம், மத்தவங்களைப் பாருங்க."

"சரிங்கம்மா. பிரஷர் மாத்திரை அட்டையைக் கொஞ்சம் கையில எடுங்களேன். எத்தனை இருக்கு?"

சிறிது நேரம் சத்தமே இல்லை. மேஜை டிராயர் இழுபடும் ஒலி. "ஒண்ணு, ரெண்டு... ரெண்டுதான் இருக்கு தம்பி. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கறேன், அதனால பரவாயில்ல."

அந்த "பரவாயில்ல"தான் நமக்கு வேண்டிய தகவல். அன்று மாலையே மருந்து போய்ச் சேர்ந்தது.

ஆகவே ஒவ்வோர் அழைப்பிலும் கேட்க வேண்டியவை: மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது? இன்றைக்கு என்ன சமைத்தீர்கள்? கேஸ் இருக்கிறதா? கடைசியாக யாரிடம் பேசினீர்கள்? இரவு தூக்கம் வருகிறதா? காய்ச்சல், இருமல், மூச்சு வாங்குதல் உண்டா? இதைத் தாளில் எழுதித் தொண்டரிடம் கொடுங்கள். ஆனால் விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதுபோல வாசிக்க வேண்டாம். பேச்சோடு பேச்சாக வர வேண்டும்.

வாரம் எத்தனை முறை? தனியாக இருக்கும் முதியவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். நோயாளி இருக்கும் வீட்டுக்குத் தினமும். மற்ற வீடுகளுக்கு வாரம் ஒருமுறை. ஒரே தொண்டர் ஒரே வீட்டுக்குப் பேசட்டும், ஆளை மாற்றாதீர்கள். மூன்றாம் அழைப்பில்தான் மனிதர்கள் மனம் திறப்பார்கள். இரண்டு முறை போனை எடுக்கவில்லை என்றால் யார் நேரில் போய்க் கதவைத் தட்டுவது என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த மாதிரி நாட்களில் மோசடிக்காரர்களும் போன் போடுவார்கள். "சபையிலிருந்து பேசுகிறோம், நிவாரணப் பணம் வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க" என்பார்கள். எங்கள் ஆட்கள் யாரும் எந்த எண்ணையும் கேட்க மாட்டார்கள் என்று முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

5. பை வாசலுக்குப் போகும் வழி

1665-66இல் இங்கிலாந்தின் ஈயம் என்ற கிராமத்தில் பிளேக் புகுந்தது. அங்கே குருவாக இருந்த வில்லியம் மொம்பெசனும், அவருக்கு முன்பு அங்கே ஊழியம் செய்த தாமஸ் ஸ்டான்லியும் சேர்ந்து, ஊரைவிட்டு யாரும் வெளியே போகாமல் இருக்கும்படி மக்களை இணங்கவைத்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லைக்கல்லில் பொருளை வைத்துவிட்டுப் போவார்கள். ஈயம் மக்கள் கல்லிலிருந்த குழிகளில் வினிகர் ஊற்றி அதில் காசு போடுவார்கள். கிருமி என்ற ஒன்றை யாரும் கண்டறியாத காலம். ஆனாலும் உதவியும் இடைவெளியும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

நம் எல்லைக்கல் வீட்டு வாசல்தான். தொண்டர் பையை வாசலில் வைத்து, மணியடித்து, இரண்டு மீட்டர் பின்னால் வந்து நிற்கட்டும். கதவு திறந்து பையை எடுப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்பட்டும். பார்க்காமல் வந்துவிட்டால், எழுந்து வர முடியாமல் உள்ளே ஒருவர் படுத்துக் கிடப்பது தெரியாமலே போகும். தொண்டர்கள் இரண்டு பேராகப் போவது எல்லா வகையிலும் நல்லது. தனியாக யாரும் யார் வீட்டுக்குள்ளும் நுழைய வேண்டாம், குழந்தைகள் மட்டும் இருக்கும் வீட்டுக்குக் கண்டிப்பாகக் கூடாது.

எங்கள் முதல் வாரத்துப் பிழையைச் சொல்கிறேன். ஒரு வீட்டுக்கு மூன்று பேர் தனித்தனியாக மளிகை கொண்டுபோய்க் கொடுத்தோம். அதே தெருவின் கடைசி வீட்டுக்கு யாருமே போகவில்லை. மூன்று பேருமே நல்ல மனதோடுதான் போனார்கள். அதற்குப் பிறகு ஒரே நோட்டுப் புத்தகம், ஒரே ஆள், ஒவ்வொரு பைக்கும் ஒரு வரி என்று மாற்றிக்கொண்டோம். சொந்தமாகக் கொடுக்க விரும்புகிறவர்களும் அந்த நோட்டில் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

பையில் என்ன வைப்பது என்பதை வாங்குகிறவரிடமே கேளுங்கள். உப்பு கூடாதவர் இருப்பார், சில உணவுகளைத் தொடாதவர் இருப்பார். மாதவிடாய் நாப்கின், குழந்தைக்கு டயப்பர், போன் ரீசார்ஜ் ஆகியவை கேட்கக் கூச்சமானவை, ஆகவே நாமே கேட்டுவிட வேண்டும். பையோடு துண்டுப்பிரசுரம் வைக்காதீர்கள். கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. பசியோடு நிற்கும் மனிதரை நம் சபையின் பேனருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுப்பது அவர் மானத்துக்கு நாம் போடும் விலை.

6. வீட்டிலேயே இருக்கும் நோயாளி

சபை ஆஸ்பத்திரி இல்லை. மருந்து சொல்வது, வேறொருவருக்கு எழுதிய மாத்திரையைப் பகிர்வது, ஆக்சிஜன் வைப்பது எதையும் தொண்டர்கள் செய்யக் கூடாது. ஆனால் ஒரு நோயாளி வீட்டில் தனித்திருப்பதற்கு என்னென்ன வேண்டுமோ அதையெல்லாம் சபை ஏற்பாடு செய்யலாம்.

மூச்சைத் தாக்கும் நோயென்றால், விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டர் சிலவற்றை வாங்கி வைத்து வீடு வீடாகச் சுற்றுக்கு விடலாம். ஒவ்வொரு முறையும் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். நகப்பூச்சு இருந்தாலோ விரல் சில்லென்று இருந்தாலோ அளவு தவறாகக் காட்டும். கருத்த தோலில் உள்ளதைவிடச் சற்று அதிகமாகக் காட்டவும் வாய்ப்புண்டு, எனவே எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக மூச்சுத் திணறலை அலட்சியப்படுத்தக் கூடாது. கொரோனாவில் பொதுவாகச் சொன்னது, 94க்குக் கீழே இறங்கினால் டாக்டரை அழைக்க வேண்டும், 90 அல்லது அதற்குக் கீழே என்றால் உடனே ஆஸ்பத்திரி. நுரையீரல் நோய் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு அவர்களுடைய டாக்டர் சொல்லும் எண்தான் கணக்கு.

எண் பார்க்கத் தெரியாதவர்களுக்கு: ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க முடியாமல் மூச்சு வாங்குவது, உதடு நீலமாவது, நெஞ்சு அழுத்துவது, குழப்பமாகப் பேசுவது, எழுப்ப முடியாமல் தூங்குவது. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் எண், பக்கத்து ஆஸ்பத்திரி, இரவில் வண்டி ஓட்டத் தயாராக இருக்கும் மூன்று பேர் என்ற பட்டியல் எல்லாத் தொண்டர்களின் போனிலும் இருக்கட்டும். நோயாளியைக் காரில் கூட்டிப் போனால் ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், இருவரும் நல்ல முகக்கவசம் போட வேண்டும், அவர் பின் இருக்கையில் எதிர்மூலையில் உட்கார வேண்டும்.

நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவரை மறந்துவிடுவோம். அவருக்கும் ஒரு போன் வேண்டும். தன் அம்மாவை இருபது நாள் கவனித்த ஒரு மகள், "எல்லோரும் அம்மாவை விசாரிச்சீங்க, என்னைச் சாப்பிட்டியான்னு ஒருத்தரும் கேக்கல" என்று பிறகு சொன்னபோது எங்களிடம் பதில் இல்லை.

7. ஜெபக்குறிப்பும் ரகசியமும்

இது தனித்தலைப்பாக வருவதற்குக் காரணம் எங்கள் தவறு. நோய் வந்த ஒருவருடைய பெயரை, ஜெபிக்கத்தானே என்று, சபையின் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டோம். ஒரு மணி நேரத்தில் செய்தி அவர் தெருவுக்குப் போய்விட்டது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். அந்தக் குடும்பம் திரும்பி வர வெகுநாள் ஆனது.

அனுமதி வாங்காமல் பெயர் போடக் கூடாது. "ஒரு குடும்பத்துக்காக ஜெபியுங்கள்" என்று போட்டால் போதும், ஆண்டவருக்குப் பெயர் தெரியும். வீடுகளின் பட்டியல் இரண்டே பேரிடம் இருக்கட்டும். தொண்டருக்குத் தன் கட்டு மட்டும் போதும்.

8. பணம்

தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, மாதம் ஒருமுறை பொதுவில் வரவு செலவு. உதவி பெற்றவர்களின் பெயர் மட்டும் அறிக்கையில் வராது, எத்தனை குடும்பம் என்ற எண்தான் வரும். கொடுப்பதற்கான அளவுகோலை முன்பே எழுதி வைத்தால் "அவருக்கு ஏன் கொடுத்தீர்கள்" என்ற சண்டை குறையும். முடிந்தவரை காசாகவோ கடைக்கான சீட்டாகவோ கொடுங்கள், தமக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும். காணிக்கை குறைந்துவிடும் காலம் அது. சபையின் சொந்தப் பணியாளர் சம்பளத்தை வெட்டி ஊருக்குத் தானம் செய்வது நியாயமாகாது.

9. ஆராதனை எப்படி

நேரலை நல்லதுதான். ஆனால் போன் மட்டும் உள்ளவர்களுக்காக, எண்ணை அழைத்தால் கேட்கக்கூடிய கான்ஃபரன்ஸ் கால் வையுங்கள். வேத வாசிப்பும் ஜெபமும் அச்சிட்ட ஒரு தாளை மளிகைப் பையைக் கேட்டு வாங்கும் சபையார் வீட்டுக்கு, அவர்கள் கேட்டால் மட்டும், கொடுக்கலாம்.

கூடிவர அனுமதி கிடைத்தபின் வெளியில் கூடுவதே மேல். ஈயம் கிராமத்து மொம்பெசனும் கோயிலைப் பூட்டி, ஒரு பள்ளத்தாக்கில் குடும்பங்களைத் தள்ளித் தள்ளி நிறுத்தித்தான் ஆராதனை நடத்தினார். உள்ளே என்றால் எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், நேரம் குறையட்டும், பாட்டு தாழ்ந்த குரலில் இருக்கட்டும். கரியமில வாயுவை அளக்கும் கருவி ஒன்று இருந்தால் காற்று தேங்குவது கண்ணுக்குத் தெரியும். 800 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் 800 பங்கு) தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். பொதுப் பாத்திரத்தில் திருவிருந்து வேண்டாம், தனித்தனிக் கிண்ணமோ அப்பம் மட்டுமோ போதுமா என்பதை உங்கள் திருச்சபை மரபைக் கேட்டு முடிவுசெய்யுங்கள். இதை விசுவாசக் குறைச்சல் என்று சொல்பவர்கள் வருவார்கள்.

அவர்களுக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. 1527இல் ஜெர்மனியின் விட்டன்பர்கில் பிளேக் வந்தபோது திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் ஊரைவிட்டுப் போகவில்லை, நோயாளிகளை வீட்டிலேயே வைத்துப் பார்த்தார். அதே லூத்தர், மருந்து சாப்பிட வேண்டும், வீட்டைப் புகைபோட்டுச் சுத்தம் செய்ய வேண்டும், தேவையில்லாத இடத்துக்குப் போகக் கூடாது என்றும் எழுதினார். தன் கவனக்குறைவால் அடுத்தவருக்கு நோய் கொடுப்பது பாவம் என்பது அவர் எண்ணம்.

10. வதந்தியும் தடுப்பூசியும்

புளிச்ச வதந்தியை மேடையில் திட்டுவதால் ஒன்றும் ஆகாது. நம்புகிறவர் அவமானப்பட்டு இன்னும் இறுகிப்போவார். அவரோடு பழகியவர் தனியாகக் கேட்க வேண்டும்: "எதுக்குப் பயப்படறீங்க?" பெரும்பாலும் பின்னால் ஒரு பழைய அனுபவம் இருக்கும், ஆஸ்பத்திரியில் யாரோ நடத்திய விதம், ஊசி போட்ட பிள்ளைக்கு வந்த காய்ச்சல். அதைக் கேட்டு முடித்தபின் நர்ஸாக இருக்கும் சபையாரோடு பேசவைக்கலாம். போதகர் தாம் ஊசி போட்டுக்கொண்டு அதைச் சொல்லலாம்.

கோயில் மண்டபத்தைத் தடுப்பூசி முகாமுக்குக் கொடுங்கள். காற்றோட்டமான பெரிய அறை, பழகிய இடம், நாற்காலி, கழிப்பறை எல்லாம் தயாராக இருக்கும். வாலிபர் சங்கம் வரிசையை ஒழுங்குபடுத்தலாம், முதியவர்களுக்கு முன்பதிவு செய்து தரலாம். ஊசிக்குப் பின் பதினைந்து நிமிடம் உட்காரவைத்துப் பார்க்க ஆள் வேண்டும், அதற்கும் சபையார் வரலாம்.

11. சாவு வீடு

எவ்வளவு எழுதினாலும் போதாத பகுதி இது. பெருந்தொற்றில் இறந்தவர் வீட்டுக்கு நாம் எப்போதும் செய்வது எதையும் செய்ய முடியாது. கட்டிப்பிடிக்க முடியாது, இரவெல்லாம் உட்கார முடியாது, சில சமயம் முகத்தைப் பார்க்கக்கூட முடியாது.

2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, உடலைக் கழுவித் தொட்டு வழியனுப்பும் சடங்குகள் வழியாக நோய் பரவியது. அதிகாரிகள் உடலை எடுத்துப் போய்ப் புதைத்தபோது மக்கள் உடல்களை மறைத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நெறிமுறை, உலகத் திருச்சபைகள் மன்றம், காரித்தாஸ், இஸ்லாமிக் ரிலீஃப், வேர்ல்டு விஷன் ஆகிய மதம் சார்ந்த அமைப்புகளோடு பேசி எழுதப்பட்டது. 'பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம்' என்பதே அதன் பெயர். குடும்பம் தள்ளி நின்று பார்க்கலாம், ஜெபிக்கலாம், பெயர் எழுதிய குறி வைக்கலாம் என்று அது இடம் கொடுத்தது.

அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, எது கூடாது என்பதோடு எது கூடும் என்பதையும் கையில் வைத்திருப்பது. அடக்கத்துக்கு அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையில் யார் வருவது என்பதைக் குடும்பமே முடிவு செய்யட்டும். ஒருவர் போனில் நேரலை எடுக்கட்டும். கையில் நடுங்காமல் பிடிக்க ஒரு ஸ்டாண்டு வேண்டும், அது சிறிய விஷயம், ஆனால் ஆடிக்கொண்டே இருக்கும் படம் தூரத்தில் இருந்து பார்க்கும் மகனுக்குத் தாங்க முடியாதது. ஆஸ்பத்திரியில் கடைசி நேரத்தில் நர்ஸ் நோயாளியின் காதருகே போனைப் பிடிக்கச் சம்மதிப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். அடக்கத்தின் நேரத்தில் சபையார் அவரவர் வீட்டு வாசலில் மெழுகுவத்தி ஏற்றி நிற்கலாம்.

மூன்றாம் நாளுக்கு மேல் வீடு வெறிச்சோடிப் போகும். நாற்பதாம் நாள், முதல் பிறந்தநாள், முதல் கிறிஸ்துமஸ், ஆண்டு நிறைவு என்று தேதிகளை நோட்டில் குறித்து, அந்த நாட்களில் ஒருவர் போன் செய்யுங்கள். அடக்க ஆராதனை முறையாக நடக்காதவர்களுக்கு, கட்டுப்பாடு தளர்ந்தபின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து ஒரு நினைவு ஆராதனை வையுங்கள். எங்கள் சபையில் அது ஒன்றரை வருடம் கழித்துத்தான் நடந்தது. பெயர் வாசித்தபோது, அதுவரை அழாத ஒரு பெரியவர் கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அப்படியே நின்றார், வாசித்து முடிக்கும் வரை.

12. உதவுகிறவர்கள் விழாமல் இருக்க

தொண்டர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் போன் அணைக்கும் நாள். அறுபது வயது தாண்டியவர்கள், நீண்டகால நோய் உள்ளவர்கள் வாசலுக்குப் போக வேண்டாம், போன் பேசட்டும். அவர்களில் பலர் "என்னை ஒதுக்குகிறீர்கள்" என்பார்கள், அப்படி அல்ல என்று வேலை கொடுத்துத்தான் காட்ட வேண்டும். கஷ்டமான அழைப்பு முடிந்ததும் தொண்டர் யாரிடமாவது பேசி இறக்கிவைக்க வழி இருக்க வேண்டும். போதகருக்கும்தான். அவரிடம் எல்லோரும் அழுகிறார்கள், அவர் எங்கே அழுவார் என்று யோசிக்க ஒருவரை நியமியுங்கள். தற்கொலை எண்ணம், வீட்டில் அடி உதை, குழந்தைக்குத் தீங்கு ஆகியவை அழைப்பில் தெரிந்தால் தொண்டர் தானே சமாளிக்காமல் உடனே யாரிடம் சொல்ல வேண்டும், எந்த உதவி எண்ணை அழைக்க வேண்டும் என்பது முதல் நாள் பயிற்சியிலேயே வர வேண்டும்.

13. தளர்ந்த பிறகு

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிந்ததாகச் சொன்னது. வீடுகளில் அது அந்தத் தேதியில் முடியவில்லை. வேலை இழந்தவர் இன்னும் கடனில் இருந்தார், நோயிலிருந்து எழுந்த சிலருக்குக் களைப்பும் மூச்சிரைப்பும் மாதக்கணக்கில் நீடித்தன. உதவியை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு வீட்டோடும் பேசி, இன்னும் எவ்வளவு நாள், அடுத்து என்ன என்று முடிவுசெய்து குறையுங்கள்.

குழுவைக் கலைப்பதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து, எது சரியாக நடந்தது, எங்கே தவறினோம், எந்த எண் பிசகாக இருந்தது என்று இரண்டு பக்கம் எழுதி, பதிவேட்டின் உள்ளட்டையில் ஒட்டுங்கள். பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்க ஒருவர் பெயரைப் போடுங்கள். எங்கள் நோட்டில் தொண்டர்கள் கடைசியாக எழுதிய குறிப்பு: மூன்றாவது வரிசை அம்மா, வியாழக்கிழமை மாலை, மாத்திரை எண்ணிக் கேட்கவும்.